பூனை தின்னாத பவுடர்

கம்பெனியில் எனக்கு இரண்டு வேலை. பிரேக் பாகங்கள் செய்யும் லைனுக்கு சூப்பர்வைசர் என்பது சம்பளத்துக்கான வேலை. சேஃப்டி கமிட்டி உறுப்பினர் என்பது வாய்க்கான வேலை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாரையும் தரையில் வரைந்த மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி வைத்துப் பத்து நிமிடம் பேசுவேன். லேபிள் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். எந்த ஆயிலை எந்த கேனில் ஊற்றினீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள். தப்பு நடந்தால் மறைக்காதீர்கள், உடனே சொல்லுங்கள், சொன்னவரை யாரும் திட்ட மாட்டார்கள். பதினெட்டு வருடமாக இதே பாட்டுதான். நான் திரும்பியதும் என் குரலிலேயே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். சிரிக்கட்டும், பத்து விரலும் ஒழுங்காக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவேன்.

இவ்வளவு பேசுகிற நான் பக்கத்து வீட்டு அக்காவின் பூனையைக் கொன்றேன். வேண்டுமென்றே இல்லை. ஆனாலும் கொன்றது நான்தான். அதைவிட மோசம், டாக்டர் கேட்ட நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஓசூரிலிருந்து தொரப்பள்ளி போகிற வழியில் எங்கள் வீடு. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடுகள், நடுவே இடுப்பளவு சுவர். அந்தப் பக்கம் அக்கா தனியாக இருக்கிறார். ஆனேக்கல் பக்கத்துக்காரர், வீட்டு மொழி கன்னடம். கார்மெண்ட்ஸில் இருபத்திரண்டு வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்து, முதுகு ஒத்துழைக்காமல் நின்றுவிட்டவர். கணவர் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகி மைசூரில் இருக்கிறாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்றாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் வழக்கம் அது. நான் அவரை அக்கா என்பேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிவிட்டோம் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

அவர் வேலையை விட்டு நின்ற மாதத்தில்தான் அந்தப் பூனை வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது நுனி கிழிந்தது. மழையில் நனைந்து சுவர் மேல் உட்கார்ந்திருந்ததை அக்கா முந்தானையில் துடைத்து உள்ளே கொண்டுபோனார். ஏழு வருடம் இருந்தது. சாயங்காலம் ஆனால் சுவரோரம் நின்று, "பா, பா" என்று கூப்பிடுவார். கன்னடத்தில் வா என்று அர்த்தம். எங்கே இருந்தாலும் ஓடிவரும். கொஞ்சுவது கன்னடத்தில், திட்டுவது மட்டும் தமிழில். அதென்ன அக்கா, திட்டுவதற்கு மட்டும் எங்கள் பாஷையா என்று ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். உங்கள் பாஷையில் திட்டினால்தான் அதற்கு உறைக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவார். குழம்பில் ஒரு கிண்ணம் எங்களுக்கு, தலை பூனைக்கு. மற்றபடி அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் அது பூனையோடு பேசுகிற பேச்சுதான். மகள் போன் செய்தாலும் முதல் ஐந்து நிமிடம் பூனையைப் பற்றித்தான் ஓடும்.

பகலில் அது தூங்குவது எங்கள் வராந்தாவில். செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் பழைய கிளவுஸ் ஒரு குவியல் எப்போதும் கிடக்கும். அதன் மேல் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

கிளவுஸ் கதையைச் சொல்லியாக வேண்டும். கம்பெனிகளில் கைக்குப் போட பருத்தி நூலில் பின்னிய வெள்ளை கிளவுஸ் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் அழுக்காகிவிடும், வேறு கொடுப்பார்கள். பழையதை ஆளுக்கு ஆள் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் கம்பெனி கிளவுஸ் இல்லாத வீடு கிடையாது. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க, வண்டி துடைக்க, முள்ளுச்செடி பிடுங்க, எல்லாவற்றுக்கும் அதுதான். என் மச்சினன் பேரிகைப் பக்கம் விவசாயம் செய்கிறான். ரோஜா பறிக்கிறவர்களுக்கு என்று மூட்டையாக வாங்கிக்கொண்டு போவான். பதிலுக்கு அவரை, தக்காளி, கொத்தமல்லி என்று ஏதாவது வந்து இறங்கும்.

அவரைக்கொடியில் பூச்சி விழுந்தால் அவன் கிளவுஸை வைத்துத்தான் மருந்து தூவுவான். பூச்சி பவுடரை கிளவுஸுக்குள் கொட்டி, மணிக்கட்டுப் பக்கம் இறுக்கிக் கட்டி, ஒரு குச்சியில் தொங்கவிட்டுச் செடிக்கு மேல் தட்டிக்கொண்டே போவான். பின்னல் வழியாகப் பவுடர் சீராக இறங்கும். மெஷின் வைத்து அடித்தால்கூட இவ்வளவு அழகாக விழாது. அவன் தோட்டத்தில் மட்டும் இல்லை, சுற்றுவட்டாரத்தில் கம்பெனிக்காரர் ஒருவராவது இருக்கிற எல்லா வீட்டிலும் இப்படித்தான். நானே அதைப் பார்த்து மெச்சியிருக்கிறேன்.

போன மாசிக் கடைசி. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான் என்று மனைவி ஒப்பட்டுக்கு, அதாவது போளிக்கு, வெல்லப் பூரணம் கிளறி வைத்திருந்தாள். எங்கிருந்துதான் வந்ததோ, சமையலறை முழுக்கச் சிவப்பு எறும்பு. சாக்பீஸ் கோடு போட்டோம், கோட்டின் மேலேயே ஏறிப் போனது. மஞ்சள் தூள் போட்டோம், அதையும் மதிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் எறும்பு, மனுஷன் என்று வித்தியாசம் பார்க்கிற ஆள் இல்லை நான். துடைப்பத்தை எடுத்து அடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் மச்சினன் வந்து சேர்ந்தான். அவனுடைய பையில், அவரைக்காய்க்கு அடியில், பவுடர் நிரப்பிக் கட்டிய ஒரு கிளவுஸ் இருந்தது. வேறொருவர் கேட்டிருந்தாராம், வழியில் கொடுக்க எடுத்து வந்தானாம். அவருக்கு நாளைக்குக் கொடுத்துக்கொள்கிறேன், இதை வாசலில் தட்டி விடுங்கள் மாமா, ஒரு எறும்பு நிற்காது என்றான்.

என்ன பவுடர் என்று நான் கேட்கவில்லை. பாக்கெட் எங்கே என்றும் கேட்கவில்லை. பதினெட்டு வருடம் லேபிள் லேபிள் என்று கத்திய வாய்.

சமையலறை மூலையில் தட்டினேன். நிலைப்படியில் தட்டினேன். எறும்பு வரிசை வராந்தா வழியாகத்தான் வந்தது, அதனால் செருப்பு ஸ்டாண்டைச் சுற்றியும் தட்டினேன். மாவு மாதிரி மெல்லியதாக, வெள்ளையாக இறங்கியது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அது பூனை வந்து படுக்கற இடங்க. அங்க வேணாம்."

"பூனை என்ன, பவுடரையா திங்கப் போவுது? அது மீன்லயே தலையத்தான் திங்கும்."

மச்சினன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். மீதிப் பவுடரோடு அந்த கிளவுஸைச் செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டுக்குப் பின்னால் செருகி வைத்தேன். எறும்பு போய்விட்டது. ஒப்பட்டு நன்றாக இருந்தது. இரண்டு ஒப்பட்டும் கொஞ்சம் நெய்யும் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கமிருந்து மீன் குழம்பு வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் வழக்கம்போல மஞ்சள் கோட்டுக்குள் நின்று பேசினேன். ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வண்டியை நிறுத்தும்போது சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் போடவில்லை. கொஞ்சம் வாருங்கள், இதற்கு என்னவோ ஆகியிருக்கிறது என்பதைக் கன்னடம் கலந்து சொன்னார்.

"அண்ணா, சொல்ப வாங்கண்ணா. இதுக்கு ஏனோ ஆகிருக்கு."

பூனை அவர் வீட்டு நடையில் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. உடம்பு முழுக்கத் தோல் துடித்தது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. மதியம் மீன் தலை போட்டாராம், பாதி தின்றுவிட்டுப் போய்ப் படுத்ததாம். நான் என் பையிலிருந்த துண்டைக் கொடுத்தேன். அதில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தார். அதுவரை என் வண்டியில் அவர் ஏறியதில்லை. வழியெல்லாம் அதனிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். துண்டுக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. விரல் இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பூனை தலையைத் தூக்கி அந்தக் காலை நக்கப் பார்த்தது. முடியவில்லை, மறுபடியும் நக்கப் பார்த்தது. பச்சை விழுந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வண்டியை எடுத்தேன். என்ன நடந்திருக்கிறது என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது என்று எழுதிவிடலாம், யாரும் மறுக்கப் போவதில்லை. அது பொய்.

டாக்டர் இளம் வயதுப் பெண். மேஜையில் படுக்க வைத்துக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். வீட்டில் எறும்பு மருந்து, கரப்பான் மருந்து, செடிக்கு அடிக்கிற மருந்து ஏதாவது போட்டீர்களா? உண்ணிக்குப் பவுடர் தடவினீர்களா? நினைவுபடுத்திச் சொல்லுங்கள், அது தெரிந்தால் அதற்கான ஊசியைப் போடலாம், தெரியாமல் போட்டால் வேறு வினையாகிவிடும்.

அப்படி எதையும் தன் வீட்டில் வைத்துக்கொள்வதே இல்லை என்று அக்கா சொன்னார். அது உண்மை. அக்கம்பக்கத்தில்? என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். திறந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அதற்குள் அக்கா என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவுருதான் பக்கத்து மனெ. கம்பெனியில சேஃப்டி பாக்கறவரு. அவுரு மனெயில அது மாதிரி ஏதும் இருக்காதும்மா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. ஏதோ ஒரு ஆட்டு. சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, அதன் மேல் பச்சையில் சேஃப்டி என்று எழுதிய ரிப்பன் வேறு. அதை அப்போது உள்ளே தள்ளினேன். நினைவிருக்கிறது.

டாக்டர் சலைன் ஏற்றினார். உணவு ஒத்துக்கொள்ளாமல் போனதற்கான ஊசி ஒன்று போட்டார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். நானும் அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே கோழிக்குஞ்சு, மாட்டுத் தீவனம் விளம்பரங்கள் ஒட்டியிருந்தன. ஒன்றுவிடாமல் படித்தேன். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு விளம்பரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஒருவேளை மீனாகவே இருக்கலாம் என்றும் நினைத்துப் பார்த்தேன். நாய் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அக்காவிடம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அவரிடமும் அக்கா என்னைக் காட்டி, இவர் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்றார்.

இருபது நிமிடம். சுவர்க் கடிகாரம் எதிரிலேயே இருந்தது, அதனால் கணக்கு தப்பாது. அதற்குப் பிறகு பூனைக்கு வலிப்பு வந்தது. நான்கு காலும் விறைத்து மேஜையில் அடித்துக்கொண்டது. அக்கா எழுந்து ஓடினார். நான் டாக்டரை உள்ளறைக்குக் கூப்பிட்டேன். அங்கேதான் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. பவுடர் பேர் என்ன என்றார். தெரியாது என்றேன். பாக்கெட்? இல்லை, கிளவுஸில் இருந்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை. அதற்குமேல் கேட்கவும் நேரமில்லை. அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் அலமாரியிலிருந்து வேறு ஊசி எடுத்தார். குழாயடியில் சோப்பு போட்டுப் பூனையின் கால்களையும் வயிற்றையும் கழுவச் சொன்னார். உதவியாளரும் நானும் கழுவினோம். தண்ணீர் பால் நிறத்தில் ஓடியது. கழுவிக்கொண்டிருக்கும்போதே என் கையில் பூனை கனத்து அடங்கிப்போனது. ஏழு வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து போன பூனையை அன்றுதான் முதன்முறையாக நான் கையில் பிடித்தேன்.

கை கழுவும் இடத்தில் டாக்டர் என் அருகில் வந்து நின்றார். பூனை எதற்காகப் பவுடரைத் தின்னப் போகிறது என்று நான் நினைத்ததாக அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அது யாருக்கும் தேவையில்லாத தகவல்.

"தின்னாது சார். ஆனா உடம்புல என்ன ஒட்டினாலும் நக்கித்தான் சுத்தம் பண்ணும்."

வெளியே அக்கா காத்திருந்தார். எதனால் இப்படி ஆனது என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று ஒரு நொடி இடம் விட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஏதோ விஷம் உள்ளே போயிருக்கிறதம்மா என்றார் டாக்டர். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மீன் என்றார். நேற்று வாங்கிய மீன், பிரிட்ஜில் வைத்து இன்று போட்டேன், அதுதான் என்றார். நான் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

அவர் வீட்டுக் கொய்யா மரத்தடியில் குழி வெட்டினேன். ஆழமாக வெட்டினேன். இவ்வளவு ஆழம் எதற்கு அண்ணா, களைத்துப் போவீர்கள் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் துண்டிலேயே சுற்றி உள்ளே வைக்கப் போனவர், உங்கள் துண்டு ஆயிற்றே என்று எடுத்துக்கொண்டு, தன் பழைய புடவை ஒன்றைக் கிழித்து அதில் சுற்றினார். நான் மண் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பு ஸ்டாண்டை இழுத்துப் பார்த்தேன். பின்னால் செருகிய கிளவுஸ் கட்டு தளர்ந்து முன்னால் சரிந்திருந்தது. மற்ற கிளவுஸ் குவியலெல்லாம் வெள்ளைப் பவுடர். நடுவில் உருண்டையாக ஒரு பள்ளம், அதில் சாம்பல் நிற முடி. முந்தின நாள் பகலிலும் அன்று காலையிலும் அது அங்கேதான் படுத்திருக்கிறது. மனைவி கைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, மூக்கில் துணி கட்டி, ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்தாள். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். டாக்டரிடம் சொன்னீர்களா? சொன்னேன் என்றேன். அது பொய்யில்லை. பொய்யில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன்.

அக்கா மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரர் தெருமுனையில் குரல் கொடுத்ததும் கதவைச் சாத்திக்கொள்வார். தெருவில் யார் கேட்டாலும், என் நாக்கு ருசிக்கு ஒரு உயிரை வாங்கிவிட்டேன் என்பார். மகள் வேறு பூனை வாங்கித் தருகிறேன் என்றாளாம். வேண்டாம், எனக்கு அதற்குத் தகுதியில்லை என்றாராம். இதெல்லாம் என் மனைவி வந்து சொல்லவில்லை. நானே சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மோட்டார் போடும் நேரத்தை மாற்றிக்கொண்டேன், அவர் எதிரே வராத நேரமாக.

கம்பெனியிலும் ஒன்று நடந்தது. திங்கட்கிழமைப் பேச்சில் லேபிள் பற்றிச் சொன்னேன், கேன் பற்றிச் சொன்னேன், கலையலாம் என்றேன். ஆபரேட்டர் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, சார், மறைக்காம சொல்லணும்ங்கறத விட்டுட்டீங்க என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நேரமாகிவிட்டது என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் மனைவி சுவரோரம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வராந்தாவில் இருந்தேன். தெருவில் சொல்லி வந்த மீன் கதையை அக்கா அன்றுதான் அவளிடம் சொன்னார். மனைவி துணியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எழுந்து உள்ளே போகாதது, அந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

உள்ளே வந்ததும், சொன்னேன் என்று சொன்னீர்களே என்றாள். டாக்டரிடம் சொன்னேன் என்றேன். எப்போது சொன்னீர்கள் என்று கேட்டாள். இருபது நிமிடத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து துணியை மடிக்க ஆரம்பித்தாள். எல்லாத் துணியையும் மடித்து முடித்தாள். அழுகிறாள் என்று பிறகுதான் பார்த்தேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் போய்ச் சொல்லணும்."

உடனே போனேனா என்றால், இல்லை. முதலில் பேரிகைக்குப் போனேன். பவுடர் என்னவென்று தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்கு. மாட்டுக்கொட்டகையில் ஆணியில் மாட்டியிருந்த பையை மச்சினன் எடுத்துக் கொடுத்தான். முன்பக்கம் பளபளவென்று பூச்சிப் படம். பின்பக்கம் கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், பல மொழிகளுக்கு நடுவே தமிழும் இருந்தது. வீட்டு உபயோகத்துக்கு அல்ல. கால்நடைகள் அண்டாமல் பார்த்துக்கொள்ளவும். உடம்பில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவவும். இந்த லேபிளை மருத்துவரிடம் காட்டவும். அதற்குக் கீழே மாற்று மருந்தின் பெயர். டாக்டர் கடைசியில் எடுத்துப் போட்ட அதே ஊசிதான். அது அலமாரியில், நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே இருந்தது.

மச்சினனுக்கு விஷயத்தைச் சொன்னேன். போன வருஷம் கோழி ரெண்டு இப்படித்தான் இழுத்துக்கிட்டுச் செத்துச்சு மாமா, சீக்குன்னு நெனச்சோம் என்றான். கொட்டகைக்குள் அவன் குழந்தையின் நடைவண்டி நின்றிருந்தது. அவன் அதை எடுத்து வெளியே கொண்டுபோய் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். வாசல் வழியாக, சுவர் வழியாக இல்லை. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. காபி போடப் போனவரை நிறுத்தினேன். எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். எறும்பு, பவுடர், கிளவுஸ், செருப்பு ஸ்டாண்டு. என் மனைவி வேண்டாம் என்றதையும் நான் சிரித்ததையும் சொன்னேன். சிக்னலில் கால் விரல் இடுக்கில் பார்த்ததையும், டாக்டரிடம் இருபது நிமிடம் கழித்துத்தான் வாய் திறந்ததையும் சொன்னேன்.

அவர் அடுப்பங்கரைக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப மீன் இல்லயா?"

"மீன் இல்லக்கா."

தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார். அப்போதுதான் அழுதார். பூனை செத்த அன்றுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கேட்டவுடனே தெரிந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பிழைக்க வழி இருந்தது என்றேன். டாக்டரிடம் போனில் கேட்டு வைத்திருந்த பதில் அது, அதை மாற்றாமல் சொன்னேன்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். தமிழில் திட்டுவார், உறைக்கும், உறைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"டாக்டரம்மா கேட்டப்ப நான்தானே சொன்னேன், அவுரு மனெயில இருக்காதுன்னு. நான் நடுவுல பேசாம இருந்திருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்க, இல்லயா அண்ணா?"

மீன் பழியை அவர் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான் வந்தேன். என் கண் முன்னாலேயே அடுத்ததை எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கு உண்மையில் பதில் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. நான் வாய் திறந்ததையும் அந்த நொடியில் அவர் பேசியதையும் மனசுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தாயிற்று. சொல்லியிருப்பேன் என்று நம்பத்தான் எனக்கும் ஆசை. அந்த ஆசையை வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

"இல்லக்கா. நீங்க பேசாம இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த மாதிரி யாரும் என்னைப் பார்த்ததில்லை. பிறகு உள்ளே போய், துவைத்து மடித்து வைத்திருந்த என் துண்டை எடுத்து வந்து கையில் கொடுத்தார். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல்தான் சாத்தினார்.

அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. மனைவியோடு பேசுகிறார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழித்து வண்டிக்காரர் குரல் கேட்டு அவர் வீட்டுக் கதவு திறந்தது. மதியம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்து அதை மோந்துகொண்டிருந்தேன். கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவர் மீன் சாப்பிடுகிறார், அது போதும் எனக்கு.